கொள்ளை ஈக்களின் வகைப்பாடு: அறிவுவழிப் பகுப்பும் உறவுவழிப் பகுப்பும்

கொள்ளை ஈக்கள் (ஆசிலிடே) இருசிறகிப் பூச்சிகளின் வரிசையைச் சேர்ந்த ஒரு குடும்பம். தேனீ, குளவி, தும்பி, வண்டு, பிற ஈக்கள் ஆகியவற்றைப் பெரும்பாலும் பறந்தபடியே பிடித்து உண்பவை. உலகில் ஏறத்தாழ 7,500 இனங்கள் அறியப்பட்டுள்ளன. பிரெஞ்சுப் பூச்சியியலாளர் லத்ரேய் 1802-ல் இவற்றைத் தனிக் குடும்பமாக வகுத்தார். அதன்பின் இருநூறு ஆண்டுகளில் இக்குடும்பத்தின் உட்பிரிவுகள் பலமுறை கலைக்கப்பட்டு மீண்டும் அடுக்கப்பட்டன.

தமிழில் உயிர்களின் வகைப்பாடு பற்றி எழுதப்படுபவை பலவும் தொல்காப்பிய மரபியலில் தொடங்கி டார்வினிடம் வந்து நிற்கின்றன. ஓரறிவு முதல் ஆறறிவு வரையிலான பகுப்பே பரிணாமக் கொள்கை என்றும், அதைத் தமிழர் முன்பே கண்டறிந்தனர் என்றும் அவை முடிவு கூறுகின்றன. இதற்கு மாறாக, அப்பகுப்பு அறிவியலுக்குப் பொருந்தாத பழங்கருத்து என்று ஒதுக்குவோரும் உண்டு. இரு தரப்பும் ஒரே பிழையைச் செய்கின்றன. ஒரு வகைப்பாட்டை மதிப்பிடும் முன் அது எந்தக் கேள்விக்கான விடை என்று அவை கேட்பதில்லை. அக்கேள்வியைக் கேட்டுப் பார்க்கக் கொள்ளை ஈக்களின் வகைப்பாட்டு வரலாறு பொருத்தமான சான்று.

உருவமும் வாழ்க்கையும்

கொள்ளை ஈயின் இரு கூட்டுக்கண்களும் பெரியவை. அவற்றுக்கு இடையே உச்சந்தலை பள்ளமாக இருக்கும். முகத்தில் தாடி போல் விறைப்பான மயிர்க்கற்றை இருக்கும். திமிறும் இரையிடமிருந்து முகத்தைக் காப்பது அதன் பயன் எனக் கருதப்படுகிறது. கால்கள் வலுவானவை, முட்கள் நிறைந்தவை. வெயில் படும் வெற்றுத் தரையிலோ குச்சியின் நுனியிலோ அமர்ந்து காத்திருக்கும். இரை கடந்து செல்லும்போது எழுந்து பிடித்து, உறுதியான ஊசி போன்ற வாயுறுப்பை அதன் உடலில் செலுத்தும். அதன் வழியே செல்லும் எச்சில் இரையைச் செயலிழக்கச் செய்து, உள்ளுறுப்புகளைக் கரைக்கிறது. கரைந்ததை ஈ உறிஞ்சிக் கொள்கிறது.

இவற்றின் புழுக்கள் மண்ணிலோ மட்கும் மரத்திலோ வாழ்கின்றன. அவற்றில் பல, வண்டுப் புழுக்கள் போன்ற பிற பூச்சிகளின் இளம்பருவங்களை உண்பவை. உழவர் நோக்கில் இது நன்மை. ஆனால் வளர்ந்த ஈக்களில் சில தேனீக்களையும் பிடிப்பதால், தேனீ வளர்ப்போர் அவற்றைத் தீமையாகக் காண்கின்றனர். நன்மை செய்வது, தீமை செய்வது என்ற பகுப்பும் ஒருவகை வகைப்பாடுதான். ஒரே பூச்சியே பருவத்துக்கு ஏற்ப அதில் இருபுறமும் இடம்பெறுகிறது.

பெயரில் தொடங்கிய பிழை

இக்குடும்பத்தின் பெயரே ஒரு தவறான அடையாளத்திலிருந்து வந்தது. இலத்தீன் மொழியில் 'ஆசிலஸ்' என்பது மாடுகளைக் கடித்து வெருட்டும் ஈயைக் குறித்த சொல். ரோமானியக் கவிஞர் வெர்ஜில் உழவு பற்றிய தன் நூலில் அதை அப்பொருளிலேயே ஆள்கிறார். கார்ல் லின்னேயஸ் 1758-ல் அச்சொல்லை எடுத்து, மாடுகளை நாடாத, பூச்சிகளை வேட்டையாடும் ஈக்களுக்குப் பேரினப் பெயராக இட்டார். தமிழில் வழங்கும் 'கொள்ளை ஈ' என்பதும் ஆங்கிலப் பெயரின் நேர் மொழிபெயர்ப்பு. இந்த ஈ எதையும் கொள்ளையடிப்பதில்லை. பெயர் ஓர் அடையாளம் மட்டுமே, அதிலிருந்து இயல்பையோ உறவையோ பெற முடியாது என்பதற்கு இக்குடும்பம் நல்ல எடுத்துக்காட்டு.

வகைப்பாட்டு வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்குடும்பம் சில பெரிய குழுக்களாகப் பிரிக்கப்பட்டது. பிரெஞ்சு அறிஞர் மக்கார் முன்வைத்த மூன்று பிரிவுகள் டாசிபோகன், லாஃப்ரியா, ஆசிலஸ் ஆகிய பேரினங்களை மையமாகக் கொண்டவை. லெப்டோகாஸ்டர் என்னும் மெலிந்த உடல் கொண்ட ஈக்கள் பின்னர் நான்காம் பிரிவாயின. சிறகின் முன்விளிம்பை ஒட்டிய அறை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, உணர்கொம்பின் நுனி எப்படி இருக்கிறது என்பன போன்ற சில அடையாளங்களே இப்பகுப்புக்கு அடிப்படை.

ஊசியில் குத்திய ஒரு பூச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பெயரைத் தேடுபவருக்கு இத்தகைய அடையாளங்கள் பெரிதும் உதவும். ஆனால் அவை உறவைக் காட்டும் என்பதற்கு உறுதி இல்லை. சிறகறை திறந்திருப்பது மூதாதையிடமிருந்து அப்படியே வந்த பழைய நிலையாக இருக்கலாம். ஒரு பழைய பண்பை இழக்காமல் வைத்திருப்பவற்றை எல்லாம் ஒன்றுசேர்த்தால் அது உறவுக் குழு ஆகாது. ஓர் ஊரில் மாடி வீடு கட்டியவர்களை ஒதுக்கிவிட்டு, ஓட்டு வீட்டில் தொடர்ந்து வாழ்பவர்கள் எல்லாம் பங்காளிகள் என்று சொல்வதைப் போன்றது அது.

அமெரிக்கரான ஃபிராங்க் ஹல் 1962-ல் வெளியிட்ட உலகக் கொள்ளை ஈக்கள் பற்றிய நூல் இம்மரபின் உச்சம். உலகின் பேரினங்கள் அனைத்தையும் விவரித்து, படங்களுடன், இனங்காணும் திறவுகோல்களுடன் அவர் தொகுத்தார். ஒரு பேரினத்தை அடையாளம் காண இன்றும் அந்நூலை நாட வேண்டியிருக்கிறது. அதன் குறை, டாசிபோகன் பிரிவு எதிலும் அடங்காதவற்றைப் போட்டுவைக்கும் கூடையாக நீடித்ததுதான்.

1968-ல் மார்ட்டின் என்பவர் லெப்டோகாஸ்டர் வகை ஈக்களைத் தனிக் குடும்பமாக உயர்த்தினார். இந்த ஈக்கள் மற்றவற்றைப் போல் அமர்ந்து காத்திருந்து பாய்வதில்லை. புல், செடிகளுக்கு இடையே மெல்லப் பறந்து, இலையில் அமர்ந்திருக்கும் சிறு பூச்சிகளைக் கொய்து எடுக்கின்றன. உருவமும் பழக்கமும் வேறாக இருப்பதால் குடும்பமும் வேறு என்பது வாதம். இவ்வாதம் முதற்பார்வைக்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் ஒரு கிளை எவ்வளவு மாறிப்போனாலும் அது முளைத்த இடம் மாறாது. அக்கிளை மரத்தின் உட்பகுதியிலிருந்து முளைத்திருந்தால், அதை வெட்டி எடுத்துத் தனி மரம் என்று வைக்கும்போது மீதமுள்ளது முழுமையற்ற மரமாகிவிடும். மாற்றத்தின் அளவும் உறவின் நெருக்கமும் வெவ்வேறானவை என்பதை இவ்விவாதம் வெளிக்கொணர்ந்தது.

1973-ல் பிரேசில் நாட்டவரான பாபவேரோ துணைக்குடும்பங்களை மறுசீரமைத்தார். அதைத் தாமே முதனிலை வகைப்பாடு என்று தலைப்பிலேயே குறித்தார். 2009-ல் டார்ஸ்டன் டிகோ வெளியிட்ட ஆய்வு அடிப்படையை மாற்றியது. ஓரிரு அடையாளங்களை முன்கூட்டியே முக்கியமானவை என்று தேர்வதற்குப் பதிலாக, இருநூறுக்கும் மேற்பட்ட உடற்பண்புகளைப் பல கண்டங்களைச் சேர்ந்த இனங்களில் ஒப்பிட்டு, அவற்றுள் எவை புதிதாகத் தோன்றிப் பகிரப்பட்டவை என்று அவர் ஆராய்ந்தார். அதன் விளைவு 14 துணைக்குடும்பங்கள். பழைய கூடைப் பிரிவுகள் உடைந்தன. மார்ட்டின் பிரித்த லெப்டோகாஸ்டர் வகை ஈக்கள் மீண்டும் ஆசிலிடேயின் உள்ளே ஒரு துணைக்குடும்பமாயின. அதன்பின் வந்த மரபணு ஆய்வுகள் இம்மரத்தின் கிளைகளைத் தொடர்ந்து சோதித்து வருகின்றன.

இவ்வரலாற்றை அறிஞர்களின் ஓயாத கருத்து வேறுபாடு என்று வாசிப்பது எளிது. உண்மையில் மாறியது விடை மட்டுமல்ல, கேள்வியும்தான். முன்பு கேட்கப்பட்டது, 'இதை எப்படி இனங்காண்பது?' பின்பு கேட்கப்பட்டது, 'இது எவற்றின் உறவினர்?'

பரிணாமச் சான்றுகள்

கொள்ளை ஈக்களின் தொன்மையைப் புதைபடிவங்கள் காட்டுகின்றன. பிரேசிலின் கீழ் கிரெடேசியஸ் பாறையில் கிடைத்த அராரிப்போகன் என்னும் ஈயை டேவிட் கிரிமால்டி 1990-ல் விவரித்தார். அப்பாறையின் வயது 11 கோடி ஆண்டுகளுக்கு மேல். மியான்மரின் அம்பர் பிசினில் சிக்கிய பர்மாப்போகன் ஏறத்தாழ 9.9 கோடி ஆண்டுப் பழமையானது. இதை டிகோவும் கிரிமால்டியும் 2014-ல் விவரித்தனர். டைனோசார்கள் வாழ்ந்த காலத்திலேயே இக்குடும்பம் இருந்தது என்பது இவற்றால் உறுதியாகிறது. இன்று வாழும் குடும்பங்களில் மைடிடே, ஏபியோசெரிடே ஆகிய இரண்டும் இவற்றுக்கு நெருங்கியவை. அவை கொள்ளை ஈக்களைப் போல் வேட்டையாடுவதில்லை.

தோற்றத்தை நம்பக்கூடாது என்பதற்கு இக்குடும்பத்திலேயே வலுவான சான்றுகள் உண்டு. லாஃப்ரியா பேரினத்தின் சில இனங்கள் அடர்ந்த மஞ்சள், கறுப்பு மயிருடன் பெருந்தேனீக்களைப் போலவே இருக்கும். ஆப்பிரிக்காவிலும் தென்னாசியாவிலும் வாழும் ஹைபரெக்கியா பேரினத்து ஈக்கள் மரத்தைத் துளைக்கும் கருந்தச்சுத் தேனீக்களை ஒத்தவை. தேனீக்கு நான்கு சிறகுகள், ஈக்கு இரண்டு. அதை எண்ணிப் பார்க்காதவர் இவற்றைத் தேனீ என்றே கொள்வார். இங்கே ஒற்றுமை உறவால் வந்ததன்று. உறவற்ற ஒன்றைப் போலத் தோன்றுவதால் கிடைத்த பயனால் வந்தது.

இந்திய ஆய்வுகளின் நிலை

இந்தியப் பூச்சிகள் ஐரோப்பிய வகைப்பாட்டியலில் இடம்பெற்றதில் தமிழகத்துக்குப் பங்கு உண்டு. டேனிஷ் குடியேற்றமான தரங்கம்பாடியில் வாழ்ந்த கோனிக் போன்றோர் அனுப்பிய பூச்சிகளைக் கொண்டு ஃபேப்ரீசியஸ் பல இனங்களுக்குப் பெயரிட்டார். இருபதாம் நூற்றாண்டில் சூசை நாதன் தென்னிந்தியாவில் திரட்டிய பூச்சிகள் உலகின் பல அருங்காட்சியகங்களுக்குச் சென்றன. அவற்றுள் கொள்ளை ஈக்களும் அடங்கும்.

ஆனால் தொகுப்பு நூல் என்று பார்த்தால் நெடுங்கால இடைவெளி தெரிகிறது. பிரிட்டிஷ் இந்திய விலங்கு நூல்வரிசையில் புருனெட்டி எழுதிய ஈக்கள் பற்றிய தொகுதிகளில் ஆசிலிடே சேர்க்கப்படவில்லை. இந்திய விலங்கியல் ஆய்வகத்துக்காக ஜோசப்பும் பருயும் எழுதிய நூலின் முதற்பகுதி 1998-ல் தான் வந்தது. அதற்கு முன்னரே, 1983-ல், கீழ்த்திசை நாடுகளின் கொள்ளை ஈக்களைப் பற்றி விரிவான மீளாய்வொன்றை அவர்கள் வெளியிட்டிருந்தனர். சிதறிக் கிடந்த விவரிப்புகளை ஒரே இடத்தில் கொணர்ந்தது அவர்களின் பெரும்பணி. இந்தியாவில் ஒரு கொள்ளை ஈயை இனங்காண முயலும் எவரும் அதற்குக் கடன்பட்டவர்.

அந்நூலின் வரம்புகளும் குறிப்பிடத்தக்கவை. லெப்டோகாஸ்டர், லாஃப்ரியா, ஒம்மேஷியஸ் முதலிய ஐந்து குழுக்களையே முதற்பகுதி எடுத்துக்கொள்கிறது. ஆசிலஸ் வகையும் டாசிபோகன் வகையும் அதில் இல்லை. மேலும், பிறர் துணைக்குடும்பங்களாகக் கருதும் குழுக்களை அது இனக்குழுக்கள் என்னும் கீழ்நிலையில் வைக்கிறது. அதன் நோக்கம் இனங்காணல். அதற்குரிய அளவுகோலில் அது வெற்றி பெற்ற நூல். அதன் குழுக்களையே பரிணாம உறவுகளாக எடுத்துக்கொண்டால், நூல் சொல்லாததை அதன்மேல் ஏற்றுவதாகும். அவ்வாறு ஏற்றும் பழக்கமே அறிவுவழிப் பகுப்பின் விஷயத்திலும் நிகழ்கிறது.

திருப்பருத்திக்குன்றமும் அறிவுவழிப் பகுப்பும்

புலன்களின் எண்ணிக்கையைக் கொண்டு உயிர்களைப் பகுப்பது சமண மரபின் அடிப்படைகளுள் ஒன்று. தமிழகத்தில் அம்மரபு நெடுங்காலம் தழைத்த இடம் காஞ்சிபுரத்தை அடுத்து வேகவதி ஆற்றங்கரையில் உள்ள திருப்பருத்திக்குன்றம். சமணக் காஞ்சி என்றும் அது அழைக்கப்படுகிறது. அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை 1387-88-ல் விஜயநகர அமைச்சர் இருகப்பர் தம் ஆசிரியர் புஷ்பசேனரின் சொல்படி கட்டினார். மண்டபத்தின் மேற்கூரையில் தீர்த்தங்கரர்களின் வரலாறுகள் ஓவியங்களாக உள்ளன. டி. என். ராமச்சந்திரன் எழுதி, சென்னை அருங்காட்சியகம் 1934-ல் வெளியிட்ட நூல் அவற்றை விரிவாக விளக்குகிறது. மேருமந்தர புராணத்தை இயற்றிய வாமன முனிவர் இவ்வூருடன் தொடர்புடையவர்.

சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் புழு, எறும்பு, வண்டு, மனிதர் என்ற வரிசையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு புலன் கூடுவதாகச் சொல்கிறது. தொடுகை, சுவை, மணம், பார்வை, கேள்வி என்பது ஏறுவரிசை. ஈக்கள் நான்கு புலன் கொண்டவற்றில் அடங்கும். தொல்காப்பிய மரபியலும் இதே வரிசையைப் பின்பற்றி, ஆறாவதாக மனத்தைச் சேர்க்கிறது. அங்கே புல்லும் மரமும் ஓரறிவு. நத்தையும் சிப்பியும் ஈரறிவு. கறையானும் எறும்பும் மூவறிவு. நண்டும் தும்பியும் நான்கறிவு. இவ்வொற்றுமையைச் சான்றாகக் கொண்டே தொல்காப்பியர் சமணர் என்று எஸ். வையாபுரிப் பிள்ளை வாதிட்டார்.

விமர்சனம்

இப்பகுப்பை உறவு வரிசையாக வாசித்தால் சில இடங்களில் அது வியப்பூட்டும்படி பொருந்துகிறது. நண்டும் தும்பியும் ஒரே வகுப்பில் உள்ளன. பூச்சிகள் நண்டு, இறால் அடங்கிய கூட்டத்தின் உட்கிளை என்பது இன்றைய மரபணு ஆய்வின் முடிவு. முன்னோடி அறிவியல் என்று கூறுவோருக்கு இது வலுவான சான்றாகத் தோன்றலாம்.

ஆனால் அதே வரிசையின் அடுத்த படியைப் பார்த்தால் அவ்வாசிப்பு நிற்காது. எறும்பும் தேனீயும் ஒரே வரிசையைச் சேர்ந்த நெருங்கிய உறவினர். அறிவுவழிப் பகுப்பு எறும்பை மூன்றிலும் வண்டினத்தை நான்கிலும் வைத்துப் பிரிக்கிறது. கறையான் கரப்பான் பூச்சியின் வழிவந்தது. அதற்கும் எறும்புக்கும் உறவு மிகத் தொலைவு. கூட்டமாகப் புற்றில் வாழும் வாழ்க்கைதான் ஒற்றுமை. பகுப்போ இரண்டையும் சேர்த்து வைக்கிறது. பொருந்தும் ஓரிடத்தை எடுத்துக்கொண்டு பொருந்தாத இரண்டை விடுவது சான்று காட்டும் முறை ஆகாது.

புலன்களின் கணக்கும் உடலியலின்படி சரிவரவில்லை. எறும்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் கண்கள் உண்டு. நான்கறிவுயிர்களுக்குச் செவி இல்லை என்பதும் பொருந்தாது. சிள்வண்டுகளுக்கு முன்னங்கால்களில் செவிகள் உள்ளன. கொசு தன் உணர்கொம்பின் அடியிலுள்ள உறுப்பால் துணையின் சிறகோசையை உணர்கிறது. ஓர்மியா என்னும் ஈ சிள்வண்டின் பாட்டைக் கேட்டு அதைத் தேடிச் சென்று, தன் புழுக்களை அதன்மேல் விடுகிறது. அதற்குச் செவிப்பறையே இருக்கிறது.

இவற்றைவிட அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. பரிணாம மரத்தில் காலப்போக்கில் இனங்கள் கிளைக்கின்றன, ஓர் இனத்திலிருந்து வேறினங்கள் தோன்றுகின்றன. சமணப் பகுப்பில் வகுப்புகள் நிலையானவை. அவற்றினூடே நகர்வது உயிர். வினைக்கேற்ப ஓர் உயிர் மேற்படிக்கும் கீழ்ப்படிக்கும் செல்லும். மேருமந்தர புராணம் தன் மாந்தர்களைப் பல பிறவிகளின் வழியே தொடர்வது இதனால்தான். எறும்பிலிருந்து தேனீ தோன்றியது என்று அம்மரபு எங்கும் சொல்வதில்லை. மரபியலும் சொல்வதில்லை. ஏணியும் மரமும் மேல்நோக்கிச் செல்வதால் மட்டும் ஒன்றாகிவிடா.

எனவே அறிவுவழிப் பகுப்பு பரிணாமக் கொள்கை அல்ல. ஆனால் இத்துடன் நிறுத்தினால் அதை ஒதுக்குவோரின் பிழையே மிஞ்சும். சமணம் கேட்ட கேள்வி உறவைப் பற்றியது அல்ல. ஓர் உயிர் எந்த அளவுக்கு உணர்கிறது, அதற்குச் செய்யும் தீங்கு எத்தகையது என்பதே அக்கேள்வி. கொல்லாமையை அன்றாட ஒழுக்கமாகக் கொண்டவருக்கு எதை உண்பது, எங்கே கால் வைப்பது, நீரை ஏன் வடிகட்டுவது என்பவற்றுக்கு விடை தேவை. அவருக்கு ஈயின் துணைக்குடும்பம் பயன்படாது. வேட்டையாடும் கொள்ளை ஈயும் அதன் வாயில் சிக்கும் தேனீயும் அவர் பகுப்பில் ஒரே வகுப்பு. இரண்டும் வருந்தக்கூடியவை என்ற அளவில் அவற்றிடையே வேறுபாடு இல்லை. அது குறையன்று, அப்பகுப்பின் நோக்கமே அது.

விலங்குகள் எந்த அளவுக்கு வலியை உணர்கின்றன என்பது இன்று உயிரியலிலும் சட்டத்திலும் விவாதிக்கப்படுகிறது. நண்டு, இறால், கணவாய் ஆகியவை உணர்வுள்ளவை என்று பிரிட்டன் 2022-ல் இயற்றிய சட்டம் ஏற்றுக்கொண்டது. பூச்சிகளைப் பற்றிய விவாதம் தொடர்கிறது. சமண மரபின் பகுப்புக்கு இன்றைய அறிவியலில் உரையாடத் தகுந்த இடம் இதுதான். டார்வினுக்கு முன்னோடி என்ற பொருந்தாத பட்டம் அதன் உண்மையான இடத்தை மறைத்துவிடுகிறது.

மதிப்பீடு

கொள்ளை ஈக்கள் மூன்று வகையாகப் பகுக்கப்பட்டுள்ளன. ஹல்லின் நூலும் ஜோசப்-பருய் நூலும் இனங்காண உதவுகின்றன. டிகோவின் மரம் உறவைச் சொல்கிறது. திருப்பருத்திக்குன்றத்தின் மரபு அந்த ஈயிடம் மனிதர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்கிறது. ஒன்றை மற்றொன்றின் அளவுகோலால் அளந்தால் மூன்றும் தோற்கும்.

இவ்வேறுபாடு பாடநூல் எழுதுவோருக்கும் பொது வாசகருக்கும் முக்கியமானது. மரபியலின் வரிசையைப் பரிணாமம் என்று கற்ற மாணவர், பரிணாமத்தைக் கீழிருந்து மனிதன் வரை ஏறும் படிக்கட்டாகவே புரிந்துகொள்வார். அப்படிக்கட்டில் கொள்ளை ஈக்கு மனிதனுக்குக் கீழே இரண்டாம் படி. மரத்தில் அதற்கு அப்படி ஓர் இடம் இல்லை. 11 கோடி ஆண்டுகளுக்கு மேலாகக் கிளைத்து 7,500 இனங்களாக இன்றும் வாழும் ஒரு கிளை அது. மனிதனை நோக்கி வளராமல் நின்றுபோன ஒன்றல்ல. ஏணி சமணரின் கையில் அறத்துக்கான கருவியாக இருந்தது. அதை உயிரியலுக்கு இடம் மாற்றும்போது அறமும் கெடுகிறது, உயிரியலும் கெடுகிறது.